புதன்கிழமைத் தளம்

கண்ணாயிரத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேங்கிக்காலில் உள்ள எங்கள் கட்டுமான நிறுவனத்தில் பதினெட்டு வருடமாக அவர்தான் மேலாளர். எந்த வீட்டுக்கு எந்த நாள் கம்பி, எந்த நாள் கான்கிரீட் லாரி என்பதெல்லாம் 2011இல் வாங்கிய ஒரு மென்பொருளில் இருந்தது. அது அவருடைய மேஜைக் கணினியில் மட்டும்தான் ஓடும். சைட்டில் வெயிலில் நிற்கும் இன்ஜினியர் நான். நாளைக்கு என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ள அவருக்குத்தான் போன் செய்ய வேண்டும். சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார். அந்தச் சாப்பாடு நான்கு மணி வரை நடக்கும்.

ஒரு மென்பொருளை எப்போது மாற்ற வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். அதன் வேலையில் பாதியை ஒரு மனிதர் தன் தலைக்குள் வைத்துக்கொண்டு செய்கிறார் என்றால், அன்றைக்கே தூக்கிப் போட வேண்டும். எங்கள் ஊரில் பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் லாரியை விட மாட்டார்கள். நாள்காட்டியில் வியாழன் பௌர்ணமி என்று போட்டிருக்கும். ஆனால் திதி புதன் மதியமே பிறந்துவிடும், கூட்டமும் தடுப்பும் அப்போதே வந்துவிடும். மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. மாதாமாதம் கண்ணாயிரம் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதிகளைக் கையால் நகர்த்துவார். அவர் பார்த்திருப்பார் என்று வேறு யாரும் பார்ப்பதில்லை.

புது மென்பொருள் வாங்கச் சொல்லி முதலாளி முருகவேலிடம் இரண்டு வருடம் மல்லுக்கு நின்றேன். கடைசியாக நடந்த கூட்டத்தில் அரை மணி நேரம் விளக்கினேன். கண்ணாயிரம் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா சிந்துஜா. உன் சாஃப்ட்வேருக்குப் பௌர்ணமி தெரியுமா?"

முதலாளி சிரித்தார். டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாசியில் கண்ணாயிரம் கண் ஆபரேஷனுக்குப் போனார். அவர் வரும்வரை அந்த நாற்காலி எனக்கு. போகும்போது என் பெயரிலேயே கணினியில் நுழைய வழி செய்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை மாலை அந்த வாரத்து வேலைகளைப் பார்த்தேன். கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் கன்னியம்மாள் வீட்டுத் தளம், புதன்கிழமை, மூன்று லாரி. பஞ்சாங்கம் மேஜைமேலேயே கிடந்தது. புரட்டினேன். புதன் மதியம் திதி. உடனே தேதியைச் சனிக்கிழமைக்கு மாற்றினேன்.

மாற்றிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. நான் இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் இந்தக் குப்பை இன்னும் பத்து வருடம் ஓடும். கால் மணி நேரம் கழித்து மறுபடி புதன்கிழமையாக்கினேன். லாரி திரும்பிப் போகட்டும், ஒருநாள் வேலை கெடட்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

ஆனால் நான் நினைத்தபடி மூன்று லாரியும் திரும்பிப் போகவில்லை. இரண்டு லாரி காலையிலேயே வந்து கொட்டிவிட்டன. மூன்றாவதை மதியம் தடுப்பில் நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி சுப்பன் போலீஸ்காரரிடம் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. பாதித் தளம் இறுகிப்போயிற்று. நடுவில் ஒட்டுப் போட்டால் நிற்காது என்று சொன்னதும் நான்தான். மூன்று நாள் உடைத்தார்கள்.

கன்னியம்மாள் கிரிவலப் பாதையில் பூ விற்று எழுப்பிய வீடு அது. உடைக்கும்போது அவர் யாரையும் திட்டவில்லை. மூன்று நாளும் பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த மாதத் தேதிகளை அவர் போகுமுன்பே நகர்த்தியிருக்க வேண்டும் என்று பழி கண்ணாயிரத்தின் மேல் விழுந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தவர், ஆபரேஷன் பயத்தில் பார்க்காமல் விட்டுவிட்டேன் போல என்று தானே ஒப்புக்கொண்டார். அவரைச் சிமெண்ட் குடோனுக்கு அனுப்பினார்கள். நாற்காலி எனக்கு நிலைத்தது. புது மென்பொருளும் வந்தது. வாயைத் திறந்தால் இரண்டுமே போய்விடும் என்று தெரியும். திறக்கவில்லை.

பங்குனியில் புது மென்பொருளைச் சொல்லிக்கொடுக்க அருண்பிரசாத் என்பவர் வந்தார். குடோனிலிருந்து வந்த கண்ணாயிரம் உட்பட எல்லாரும் சுவர்த் திரையின் முன் உட்கார்ந்தோம். திதிகளை ஒருமுறை ஏற்றிவிட்டால் அந்த நாட்களில் லாரி பதிவே ஆகாது என்றார். நான் கண்ணாயிரத்தை ஒரு பார்வை பார்த்தேன்.

"பழைய சாஃப்ட்வேர்லயே யார் எப்ப என்ன மாத்துனாங்கன்னு பதிவாயிருக்குங்க சார். அதுல காட்டுறதுக்குத்தான் வழி இல்ல. அதையெல்லாம் இதுல ஏத்தியாச்சு. இதுல பாருங்க" என்று அருண்பிரசாத், பட்டியலில் முதலில் இருந்த வீட்டைத் தொட்டார். அது கன்னியம்மாள் வீடு.



"எழுத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க தம்பி" என்றார் கண்ணாயிரம். எழுந்து திரைக்கு அருகில் போய், விரலை வைத்து நிதானமாக வாசித்தார்.

"சிந்துஜா. திங்கள், நாலு பத்து. புதன்லேர்ந்து சனி. சிந்துஜா. நாலு இருபத்தஞ்சு. சனிலேர்ந்து புதன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"எம்மேல கோவம்னா என்னை ரெண்டு அறை விட்டிருக்கலாமேம்மா. பூக்காரம்மா வீட்டை ஏன் உடைச்ச?"

மென்பொருளைப் பற்றி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல இரண்டு வருடமாகத் தயாராக இருந்தவள் நான். இது மென்பொருளைப் பற்றிய கேள்வி இல்லை. அருண்பிரசாத் பதறிப்போய்த் திரையை அணைக்கப் போனார். இருக்கட்டும், அணைக்க வேண்டாம் என்றார் முதலாளி.