மூடிய கைக்குள் ஒரு பித்தளைக் கூடு

"இழுக்காதடா, விரல் ஒடிஞ்சிரும்," என்று சேலை மறைப்புக்கு வெளியே நின்றபடி கமர்ஜஹான் சொன்னாள். உள்ளே மகன் அல் அமீன், குளிப்பாட்டும் பலகையில் கிடந்த அத்தாவின் வலது கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பள்ளிவாசல் மோதினார் இலந்தையிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரோடு காத்திருந்தார்.

அவள் புருஷன் அக்பர் அலி காலையில் சுபுஹு தொழுதுவிட்டுப் பின்கட்டு அறைக்குப் போனவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மௌத்தாகிவிட்டார். அப்போதே வலது கை மூடித்தான் இருந்தது. அழுத அழுகையில் யார் அதைக் கவனித்தார்கள்? இப்போது மதியம். உடம்பு விறைத்துவிட்டது. மூடிய கைக்குள் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு ஒன்று, முனை மட்டும் வெளியே தெரிய மாட்டிக்கொண்டிருந்தது.

"துனியா சாமானைக் கையில வச்சு அடக்கக் கூடாது," என்றார் மோதினார். "உள்ளங்கையில தண்ணியும் படணும். அஸர் தொழுகைக்கு எடுக்கணும்னா இப்பப் பாத்தாத்தான் உண்டு."

"இன்னும் கொஞ்சம் பலமாப் பிரிச்சாப் போதும்," என்றான் அல் அமீன்.

பலம் என்ற சொல்லைக் கேட்டதும் கமர்ஜஹான் மறைப்பை ஒட்டி நெருங்கி நின்றாள். அந்த விரல்கள் ஒடிந்து மண்ணுக்குள் போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அக்பர் அலிக்குத் தோல் வியாபாரம் பிழைப்பு, துப்பாக்கி பைத்தியம். ரைஃபிள் கிளப்பில் போட்டிக்குச் சுடுவார். சுட்ட கூடுகளைப் பொறுக்கி வந்து, லைசென்ஸ் வாங்கி, பின்கட்டு அறையிலேயே மறுபடி தோட்டாவாகத் தயார் செய்வார். வெடித்த வேகத்தில் கூடு ஊதிப்போயிருக்கும். அதை டை என்ற இரும்பு அச்சுக்குள் விட்டு பிரஸ்ஸின் கைப்பிடியை இறக்கினால் பழைய அளவுக்கு இறுகி வரும். அப்படி வந்த ஒன்றை ஒருநாள் அவள் கையில் வைத்து, "அம்புட்டு நெருப்பையும் தின்னுட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்குது பாரு," என்றார். "குடமும் பித்தளைதான், அதுவும் அடுப்புல நிக்கிது," என்றாள் இவள். அந்த அறைக்கு அவள் வைத்த பேர் சக்களத்தி வீடு.

ஒரு தடவை கூட்டில் மெழுகு தடவ மறந்து டைக்குள் விட்டுவிட்டார். சிக்கிக்கொண்டது. ஆத்திரத்தில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியதில் அடி விளிம்பு பிய்ந்து வந்தது, கூடு உள்ளேயே நின்றுவிட்டது. அன்றைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "மெழுகு இல்லாம பலத்தைக் காட்டக் கூடாது கமரு. ரொம்பத் தடவுனாலும் நசுங்கிரும். பிடி விடுறப்ப கைக்குத் தெரியும்," என்று அடுப்படிக்கே வந்து சொன்னார், என்னமோ இவள்தான் பிரஸ் வைத்திருக்கிற மாதிரி.

"மோதினாரே, நான் உள்ள வாரேன். பொஞ்சாதி தொடலாம்ல?"

"தாராளமாத் தொடலாம்மா."

"தம்பி, அத்தா மேசையில மெழுகு டப்பி இருக்கும். எடுத்துட்டு வா."

"அது எதுக்கும்மா இப்ப?"

"எடுத்துட்டு வா அப்பு."

துணியை வெந்நீரில் நனைத்து அந்தக் கையைச் சுற்றினாள். ஆறியதும் மறுபடி நனைத்துச் சுற்றினாள். பிறகு மெழுகை விரல்நுனியில் தொட்டு, மூடிய விரல்களின் இடுக்கில் மெல்லிசாகத் தடவினாள். சுண்டு விரலைப் பிடித்தாள். இழுக்கவில்லை. பிடித்தபடி, லேசாக அழுத்தம் கொடுத்துக் காத்திருந்தாள். மோதினார் ஓதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிடி விட்டது. சத்தம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் கைக்குத் தெரிந்தது. அவர் சொல்லச் சொல்ல இவள் காதில் வாங்காமல் விட்ட ஒன்று, அவருடைய விரல் வழியாகவே இவள் விரலுக்கு வந்திருந்தது. அடுத்த விரல். அதற்கடுத்தது. கடைசியில் கட்டை விரலும் தானாக நகர்ந்த மாதிரி விலகிக் கொடுத்தது.

"சுப்ஹானல்லாஹ்," என்றார் மோதினார், தனக்குள்.

கூட்டை எடுத்தாள். உள்ளங்கையில் அதன் அடி விளிம்பு பதிந்து, வளைந்த கோடாகப் பள்ளம் விழுந்திருந்தது. பெருவிரலால் தேய்த்துவிட்டாள். அது அப்படியே இருந்தது.

"அது போகாதும்மா. ரத்தம் ஓடுனாத்தான் தோல் எந்திரிக்கும்," என்றார் மோதினார்.

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அல் அமீன் கை நீட்டினான். "குடும்மா. ரைஃபிளோட சேத்து ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்."

"செத்த நேரம் எங்கிட்ட இருக்கட்டும்."

அஸருக்கு முன்னால் அவரை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள். கலிமா சத்தம் பேகம்பூர்த் தெருமுனை தாண்டித் தேய்ந்தது. பெண்களெல்லாம் முன்கட்டில் யாசீன் ஓத உட்கார்ந்தார்கள். கமர்ஜஹான் பின்கட்டு அறைக்குப் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையில் அவர் இறக்காமல் விட்ட பிரஸ்ஸின் கைப்பிடி மேலேதான் நின்றது.

கூட்டை வலது கைக்குள் வைத்து, முடிந்த மட்டும் இறுக்கிப் பிடித்தாள். திறந்தாள். அதே இடத்தில் அதே வளைந்த கோடு விழுந்திருந்தது. கண்ணிமைக்காமல் பார்த்தாள். ஓரத்தில் சிவப்பு ஏறியது, பள்ளம் மெல்ல மேலே வந்தது, கோடு மங்கி, எங்கே இருந்தது என்றே தெரியாமல் போனது.

மறுபடி கூட்டை வைத்துக் கையை மூடினாள்.