பதினேழாம் கூடாரம்

"சாமான் இடம் மாறினா முதல்ல எத மாத்தோணும், சொல்லு பாப்பம்?" என்று டொமினிக் ஒருநாள் கண்ணகையிடம் கேட்டான்.

குருக்கள்மடத்து அகதி முகாமின் நிவாரண அலுவலகத்தில் இருவரும் பெயர் பதிந்துகொண்டிருந்தார்கள். பழைய கொம்பியூட்டர் ஒரு பெயரைக் காட்டுவதற்குள் முக்கி முனகும்.

"நினைவகம் சின்னன்," என்று அவனே விளக்கத் தொடங்கினான். "கொள்ளாததை டிஸ்குக்குத் தள்ளிப்போட்டு, தேவைப்பட்டா வெறுமையான ஒரு இடத்துல கொண்டுவந்து வைக்கும். புறோகிராமுக்கு அது தெரியா. பழைய விலாசத்தச் சொல்லித்தான் கேக்கும். அது இப்ப எங்க இரிக்கி எண்டு ஒரு அட்டவணை காட்டிக்குடுக்கும்."

"எங்கட சனம் மாதிரி. இன்னும் மாங்கேணி, கோயிலடி எண்டுதானே சொல்லுதுகள்."

"அதான். ஒவ்வொருக்காவும் அட்டவணையத் தேடினா சுணங்கும் எண்டு கிட்ட ஒரு சின்னப் பிரதி வைச்சிருக்கும். அட்டவணை மாறினா அந்தப் பிரதிய அழிச்சிரோணும். இல்லாட்டி அடுத்தவன்ட வீட்டுக்குள்ள பூந்திரும்," என்று சிரித்தான்.

அவனும் அப்படித்தான், யார் எந்தக் கூடாரம் என்ற பட்டியலை ஒரு பிரதி எடுத்து, வாசல் பொலிசுக்காகக் கேற்றில் ஒட்டியிருந்தான்.

கண்ணகையின் தாய் சீதேவிப்பிள்ளைக்குப் பதினேழாம் கூடாரத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஊரில் அக்காவும் தங்கையும் ஒரே வளவில் வாழ்ந்தவர்கள். பெரியம்மாவுக்குப் பக்கத்துக் கூடாரம் காலியானதும் அங்கே மாறிக்கொண்டாள். கண்ணகை அன்றே கொம்பியூட்டரில் மாற்றினாள். கேற்றடிப் பட்டியலைத் திருத்தப் போகத்தான் கால் வரவில்லை. அங்கே துவக்கோடு இருப்பவர்களின் பார்வை அவளுக்குப் பயம். டொமினிக் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டாள். அவனுக்கோ அவர்கள் மாறியதே தெரியாது. பதினேழில் அன்று பின்னேரமே கொக்கட்டிச்சோலைக் குடும்பமொன்று குடியேறியது.

மாங்கேணியை விட்டு ஓடிவந்தபோது சனத்துக்குள் தவறிப்போனவன் அண்ணன் வினாயகமூர்த்தி. லொறிச் சத்தம் கேட்டால் தாய் எழுந்து நின்று பார்ப்பாள்.

வியாழக்கிழமை மத்தியானம் தாய் பருப்பு வாங்க அலுவலக வாசலில் நின்றாள். பதினேழிலிருந்து புஸ்பம் வந்தாள்.

"புள்ள, காலையில ஒரு பொடியன் வந்தான். கேற்றில பாத்து எங்கட கூடாரத்துக்கு அனுப்பியிரிக்காங்க. மாங்கேணியாம், தாய் சீதேவிப்பிள்ளையாம். நாங்க நேத்து வந்த ஆக்கள், தெரியாதெண்டன். வேற முகாமுல தேடுறன் எண்டு அழுதழுது போனான். ஆருகா அது?"

டொமினிக் கேற்றில் ஒட்டிய பட்டியலைத் திரும்பிப் பார்த்தான். அந்த நாட்களில் தனியே றோட்டில் போன பொடியன்கள் எல்லாரும் போய்ச் சேரவில்லை.

"அம்மா..." என்றாள் கண்ணகை.

தாய் அவளைப் பார்த்தாள். பருப்புச் சட்டியைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கேற்றைத் தாண்டி றோட்டில் இறங்கிப் போனாள்.