கோவிந்தராசுவின் பேனர்

விருத்தாசலத்தில் யார் செத்தாலும் அழுவது ஒரே கண்தான். ஃப்ளெக்ஸ் கடை திலீபன் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் பெண்ணின் கண், அதிலிருந்து உருளும் ஒரு சொட்டு. கண்ணீர் அஞ்சலி என்று யார் போய் நின்றாலும் அதை மூலையில் ஒட்டித் தருவான். கோவிந்தராசுவின் பேனரிலும் அதுதான் அழுதது. ஆனால் கோவிந்தராசு செத்துப்போனதாக யாரும் சொல்லவில்லை.

பல வருஷத்துக்கு முன்னால் சேத்தியாத்தோப்புச் சந்தைக்கு வண்டியில் பீங்கான் விளக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை, அவ்வளவுதான். ஊர் வாய் அவரைத் திருப்பூருக்கு அனுப்பியது, சாமியார் ஆக்கியது. பெண்டாட்டி சொர்ணாம்பாள் என் பொம்மைக் கடைக் குடோனில் கொலு பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறாள். நெற்றியில் காலணா அகலப் பொட்டு. யார் கேட்டாலும் ஒரே பதில், "வருவாரு." பொங்கலுக்குப் பொங்கல் அவருக்கொரு வேட்டி வாங்கிப் பெட்டியில் வைப்பாள்.

மகள் கயல்விழி சென்னையில் படித்துக் குறும்படம் எடுக்கிறாள். என் கடை வாசலில் எடுக்க வேண்டும் என்று வந்தாள். வாடகை என்றேன். படத்தில் என் பெயர் போடுகிறேன் என்றாள். பெயரை எடைக்குப் போட முடியாது, இருந்தாலும் வீட்டுப் பிள்ளை போல வளர்ந்தவள், சரி என்றேன்.

படம் அவள் அப்பாவைப் பற்றியது. எல்லாம் எடுத்தாயிற்று, முடிவு மட்டும் இல்லை. யோசனையைச் சொன்னாள். அப்பா போட்டோவோடு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர், அம்மா வேலைக்கு வரும் வழியில். அம்மாவுக்குச் சொல்லப்போவதில்லை.

"அம்மா காத்துக்கினு இருக்கறத நிறுத்தணும்ண்ணே. அப்ப அந்த மொகம் எனக்கு வேணும்."

ரெண்டையும் ஒரே பெட்டியில் அடுக்காதே, ஒன்றை ஒன்று இடித்து உடையும் என்றேன். சிரித்தாள்.

மறுநாள் காலை எதிர்க் கம்பத்தில் பேனர் ஏறியது. தோற்றம், மறைவு, வாய்க்கு வந்த ஒரு தேதி. கேமராக்கார ஸ்ரீவத்சனும் கயல்விழியும் என் கடைக்குள் வைக்கோல் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். டீக்கடை பச்சமுத்து பேனரைப் பார்த்ததும் தோளிலிருந்த துண்டை எடுத்துவிட்டார். கேமராவில் படாமல் அவரைத் தள்ளி நிறுத்துவதே பெரும்பாடாக இருந்தது.

சொர்ணாம்பாள் டிபன் கேரியரோடு வந்தாள். நின்றாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

பேரம் பேசிப் பேசி முகம் படிக்கப் பழகியவன் நான். சரக்கின் விலையைக் கேட்டதும் சிலர் திடுக்கிடுவார்கள், சிலர் திடுக்கிட்டதாக நடிப்பார்கள். விலை முன்பே தெரிந்தவன் முகம் வேறு மாதிரி, அதில் ஒன்றும் அசையாது. சொர்ணாம்பாள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

நேராக என்னிடம் வந்தாள். "மறைவு தேதி தப்பா போட்டிருக்காங்க மொதலாளி. அவரு போனது சித்திரையில."

கயல்விழி பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து எழுந்துவிட்டாள். சொர்ணாம்பாள் மகளைப் பார்த்தாள், பிறகு கேமராவை. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு சொன்னாள், சரக்குக் கணக்கு ஒப்பிப்பது போல. பொம்மை வாங்க வந்த திட்டக்குடிக்காரர் ஒருவர் சொல்லித்தான் கோவிந்தராசு அந்த ஊரில் செத்தது தெரிந்திருக்கிறது. நல்லூரில் கல்யாணம் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறாள். கூட்டத்தின் கடைசியில், யாரோ தெருக்காரி போல நின்றிருக்கிறாள். அங்கே அவருக்கு இன்னொரு பெண்டாட்டி, ஒரு மகன். கொள்ளிச் சட்டியை அந்தப் பையன் தூக்கியிருக்கிறான். இவள் வழியிலேயே தலை முழுகி, பொட்டைத் திரும்ப வைத்துக்கொண்டு வீடு சேர்ந்திருக்கிறாள்.

"அங்க ஒருத்தி தாலி எறக்கிட்டா. ஒரு சாவுக்கு ஒரு தாலி போதாதா?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லம்மா?" கயல் பெட்டிகளைத் தாண்டி வந்தாள்.

"என்னன்னு சொல்றது? ஒங்கப்பன் சாவுக்குக்கூட நம்மள தேடலன்னா? வருவாரு வருவாருன்னா ஒனக்கு எங்கியோ ஒரு அப்பன் இருந்தாரு. அதுக்குத்தான் வேட்டி எடுத்தேன்."

ஸ்ரீவத்சனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அவள் பேனர் முன்னால் நின்றதில் பாதி நேரம் பஸ் குறுக்கே வந்து மறைத்துவிட்டது என்று முனகினான். கயல் அவனை முறைத்தாள். அதற்குள் அது சொர்ணாம்பாள் காதில் விழுந்துவிட்டது.

"அப்ப இன்னொருவாட்டி நடந்து வரட்டா?"

கயல் கேமராவைத் திரும்பிப் பார்த்தாள். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது.

சொர்ணாம்பாள் கேரியரை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குத் திரும்பிப் போனாள். அங்கே நின்று, முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். பிறகு நடந்து வந்தாள். பேனர் முன்னால் முதலில் நின்ற அதே இடத்தில், அதே அளவு நேரம் நின்றாள்.

"கட்," என்றாள் கயல்.

சொர்ணாம்பாள் அதற்காக நிற்கவில்லை. எங்களைக் கடந்து குடோனுக்குள் போய், கண் இல்லாத பொம்மைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தூரிகையை நனைத்தாள். மறுநாளும் வெறும் நெற்றியோடுதான் வேலைக்கு வந்தாள்.