நாற்பத்தோராவது வினாடி

கண்ணை மூடினால் சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரிகிறது, யாரோ லைனில் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், தொட்டால் பச்சையாகும், கீழே வினாடிகள் ஓடும், ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் மூன்று வருஷம் நான் திரையில் பார்த்திருந்தது அந்தப் புள்ளியைத்தான், வேலையை விட்டு நான்கு மாதமாகியும் அது அணையவில்லை, போன் ஒலித்தால் போதும், நெஞ்சு இறுகும், விரல் மரத்துப்போகும், ஒலித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே நிற்பேன், நிறைமாதமாகத் தாய்வீட்டில் இருக்கும் என் மனைவி பேச்சி கூப்பிட்டாலும் அப்படித்தான், ஊரான் போனையெல்லாம் எடுத்தீங்க, எம் போனை எடுக்க மட்டும் கை வரலையோ என்று குரலைப் பதிந்து அனுப்புகிறாள், அடுத்ததில் குரல் தாழ்கிறது, வலி வந்தா நான் யாருக்குங்க போன் போட, அதற்காகத்தான் பல்லாவரத்தில் தையல்கடைக்கு மேலே இருக்கும் இந்த அறையில், சாய்வு நாற்காலியில், நான்காவது வாரமாகப் படுத்திருக்கிறேன், ஹிப்னோதெரபி செய்யும் பெர்பெத்துவா மேடத்திடம் முதல் நாளே கேட்டேன், என்னை மயக்கிடுவீங்களா மேடம், அவர் சிரிக்கவில்லை, மயக்கத் தெரிஞ்சா முதல்ல எங்க ஹவுஸ் ஓனரை மயக்கியிருப்பேன் தம்பி, நீங்க முழிச்சுக் கேட்டுட்டேதான் இருப்பீங்க, அந்தப் போன் கால் கட்டானது உங்க மனசுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியலை, அது இன்னும் ஹெட்செட்டைக் கழட்டாம உக்காந்திருக்கு, அதுகிட்ட மெதுவாச் சொல்லணும்.

அந்த அழைப்பு வந்தபோது ஷிஃப்ட் முடிய ஆறு நிமிஷம், வெளியே விடிந்துவிட்டது, எங்கள் வேலையில் முதல் கேள்வி எங்க இருக்கீங்க, என்ன ஆச்சு என்பதெல்லாம் பிறகு, இடம் தெரிந்துவிட்டால் லைன் போனாலும் வண்டி போய்ச் சேரும், லைனில் வந்த பெண் அழுத அழுகையில் நான் மாற்றிக் கேட்டுவிட்டேன், என்னம்மா ஆச்சு, அழாதீங்க, அவர் மூச்சு விடலை சார், ராத்திரிகூட நல்லா சாப்பிட்டாரே சார் என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தேன், நாற்பத்தொரு வினாடி, கட், திருப்பிக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப், இடம் இன்றுவரை தெரியாது.

மூச்சை இழுத்து நிதானமாக விடுகிறேன், காலிலிருந்து கனம் ஏறுகிறது, கீழே தையல் மிஷின் ஓடுகிறது, பயமே இல்லாத ஒரு இடத்துக்குப் போங்க தம்பி, போயிட்டீங்களா, இப்ப எங்க இருக்கீங்க, மூன்று வருஷம் நான் கேட்ட கேள்வி, என்னை யாரும் கேட்டதில்லை, நெல்லை ரயிலில், சைடு அப்பர் பெர்த்தில் என்கிறேன், மிஷின் சத்தம் தண்டவாளச் சத்தமாகிறது, கல்யாணமான புதிது, கீழிருந்து பேச்சி உப்பு தடவிய கொய்யாத்துண்டை நீட்டுகிறாள், எதிர் சீட்டில் ஒரு பெண் அழுகிறாள், முகமில்லை, லைனில் கேட்ட அதே அழுகை, இவளை மறக்கணுமா மேடம் என்கிறேன், மறக்க வேண்டாம், கூட உக்காரட்டும், கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேத்துக்கங்க, இந்த இடம் இனி அந்த விரல்ல இருக்கு என்று மேடம் தன் போனை ஒலிக்கவிடுகிறார், புள்ளி எரிகிறது, நெஞ்சு இறுகுகிறது, ஆனால் ரயில் நிற்கவில்லை.

படியிறங்கும்போது என் போன் ஒலிக்கிறது, பேச்சி, விரல்களைச் சேர்க்கிறேன், கொய்யா, உப்பு, தடதடப்பு, எடுத்துவிட்டேன், வாயில் வந்தது பழைய கேள்விதான், எங்க இருக்கீங்க, பொண்டாட்டி எங்க இருக்கான்னு கேக்குற ஆளை இப்பதாங்க பாக்கேன் என்கிறாள், மூச்சு வாங்குகிறது, ஆனாலும் சொல்கிறாள், தண்ணி டேங்குக்கு எதுத்தாப்ல, பச்சைக் கதவு, வலி எடுத்துட்டு, வாசல்ல ஆட்டோல ஏறிட்டோம், அம்மா கூட இருக்கா, வச்சிராதீங்க, லைன்லயே இருங்க, இருக்கேன் பேச்சி என்கிறேன், தெரிந்த விலாசம்தான், சட்டைப்பைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறேன், ஒரு கணம் காதிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன், பச்சைப் புள்ளி, கீழே நாற்பது, நாற்பத்தொன்று, பள்ளத்துல விடாதீங்கண்ணே என்று அவள் ஆட்டோக்காரரை அதட்டுவது கேட்கிறது, நாற்பத்திரண்டு.