பஞ்சடைத்த ஸ்டெதாஸ்கோப்

“வழி விடுங்க, வழி விடுங்க, டாக்டர் வந்தாச்சு!”

படிக்கட்டில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி மூன்றாவது மாடிக்கு ஏறினான். முகத்தில் மேக்கப், உடம்பில் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். பள்ளியில் அறிவியலில் இரண்டு முறை கோட்டைவிட்டவன். தொலைக்காட்சித் தொடரில் பதினோரு வருஷமாக இதய நிபுணன்.

“நேத்துகூடச் சாகக் கிடந்தவரப் பொழைக்க வச்சாரே!” என்று கீழ்வீட்டம்மா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

சோபாவில் மாமா, அக்காவின் கணவர், சாய்ந்து கிடந்தார். சட்டைப் பொத்தான்கள் திறந்திருந்தன. அக்கா பழைய நாளிதழால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“எப்பக்கா ஆரம்பிச்சுது?”

“ஒம்போது மணிக்கு. நெஞ்ச அடைக்குதுன்னாரு. உனக்குப் பதினாலு தடவ போன் அடிச்சேன்.”

இப்போது பதினொன்றேகால். படப்பிடிப்பில் போன்களை ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஒன்பது மணிக்கு அவன், மாரடைப்பு வந்த ஒரு துணை நடிகரை மூன்று டேக்கில் மூன்று முறை காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

“ஏன்க்கா ஆம்புலன்ஸக் கூப்பிடல? வர்ற வழியில நான்தான் கூப்பிட்டேன்.”

“கூப்பிடத்தான் போனேன். இவர் விட்டாத்தானே? ‘கண்டவன் கையில என்னக் குடுக்காத, மச்சான் வந்து பாக்கட்டும்’னுட்டாரு. அப்புறம் தூங்கிட்டாரு.”

“அக்கா, நான் டாக்டர் இல்ல!”

“தெரியும்டா. படிச்சாத்தானா? பதினோரு வருஷமாப் பாத்துக்கிட்டுதானே இருக்க.”

கல்யாண வீடுகளில் நாக்கை நீட்டிக் காட்டியவர்களிடமெல்லாம் ‘உப்பக் குறைங்க’ என்று கம்பீரமாகச் சொன்ன வாய்தானே அவனுடையது. போன மாதம் சாப்பாட்டு மேஜையில் மாமா மார்பைத் தடவிக்கொண்டபோதும், அவர் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, தொடரில் பேசும் குரலிலேயே சொன்னான்: “பயப்பட ஒண்ணுமில்ல. வெறும் வாயு.” வீடே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. நிம்மதியாகத் தலையாட்டினார்.

இப்போது அதே மணிக்கட்டைப் பிடித்தான். சில்லிட்டிருந்தது. கேமராவுக்கு அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்று தெரியும். நாடி எங்கே என்று தெரியாது. வாசலில் நின்ற அத்தனை கண்களும் அவன் முகத்தின் மேல் இருந்தன. அவர்கள் காத்திருந்த முகமும் அவனுக்கு அத்துப்படிதான்: கண்ணாடியைக் கழற்றி, பார்வையைத் தாழ்த்தி, ஒரு பெருமூச்சு. இருபது தடவையாவது செய்திருப்பான். இன்று வரவில்லை.

“அத வச்சுப் பாருடா.” அக்கா ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டுக் காட்டினாள்.

மைக்கில் சரசரப்பு விழுகிறதென்று ஒலிப்பதிவாளர் அதன் குழாயில் பஞ்சை அடைத்து வருஷக்கணக்காகிறது. அதைக் காதில் மாட்டிக்கொண்டான். வட்டத் தகட்டை மாமாவின் மார்பில் வைத்தான்.

தெருமுனையில் சைரன் திரும்பியது. வாசலில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

அக்கா உதட்டில் விரலை வைத்தாள். “சத்தம் போடாதீங்க. தம்பி கேட்டுக்கிட்டிருக்கான்.”

அவன் தகட்டை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி வைத்தான்.