தோளுக்கு ஏற்ற படம்

...பேய்ப்படம் வேண்டாம், அலறலில் அவர் விழித்துக்கொள்வார், சண்டைப்படமோ நாற்காலியே அதிருமாம், மிச்சம் இருப்பது மூன்றாவதுதான், சுவரொட்டியில் ஒரு கிழவர் கடற்கரையில் நிற்கிறார், அவ்வளவுதான், மூக்குக்கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை செய்கிறவள் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, அந்தக் கிழவர் எழுந்து தண்ணி குடிக்கிறதுக்குள்ள இடைவேளை வந்துடுது" என்று தலையில் அடித்துக்கொண்டாள், அப்போதே முடிவு செய்துவிட்டேன், எனக்கு வேண்டியது இதுதான்... புருஷன் தூங்க வேண்டும் என்று டிக்கெட் எடுக்கிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், இருந்துவிட்டுப் போகிறேன், யாருக்கு என்ன தெரியும், அவருக்கு ரொட்டிக்கூடத்தில் ராத்திரி வேலை, எனக்குக் கடையில் பகல் வேலை, நான் உள்ளே நுழையும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார், "சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்பார், போய்விடுவார், தலையணையில் மாவு வாசம் மட்டும் இருக்கும், அதைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டு அத்தை வேறு, "உங்களுக்குள்ள சண்டையே வராதாம்மா?" என்று மெச்சிக்கொள்கிறாள், சண்டை போடுவதற்காவது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டாமா?

வரிசை நகர்கிறது, இன்னும் நாலைந்து பேர், வண்டியை நிறுத்தப் போனவரை இன்னும் காணோம்... கல்யாணமான புதிதில் ஒரு படத்துக்குப் போனோமே, அதன் கதையும் நினைவில்லை, பேரும் நினைவில்லை, பாதியில் அவர் தலை சாய்ந்து என் தோளில் விழுந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, என் கை மரத்துப்போயிற்று, நான் அசையவே இல்லை, படம் முடியக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அந்தக் கனம் வேண்டும் எனக்கு, ஏங்கித்தான் போய்விட்டேன், இதில் வெட்கம் என்ன, என் புருஷன் தலைதானே. இன்றைக்கு ரொட்டிக்கூடத்தில் அடுப்பு பழுதாம், ராத்திரி லீவு, அந்த அடுப்பு நன்றாக இருக்கட்டும், மெதுவாகவே சரியாகட்டும்.

இதோ வருகிறார், என்ன இது, நடையில் இத்தனை துள்ளல்?

"எந்தப் படம்?"

"கடல் படங்க."

"எதுவா இருந்தா என்ன, இன்னைக்கு நான் தூங்க மாட்டேன் பாரு. ரெண்டு காபி குடிச்சிட்டு வந்திருக்கேன். அன்னைக்கு உன் மேல விழுந்து உனக்குப் படத்தையே கெடுத்துட்டேன்ல..."

அட மனுஷா! இத்தனை வருஷமாக இதையா மனதில் போட்டு வைத்திருந்தீர், காபி குடித்த வாயால் என் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டீரே, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவர் விடவில்லை, குனிந்து பார்த்தார்.

"கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு? நீ வேணா தூங்கு. நான்தான் முழிச்சிருக்கேனே."

நாள் முழுக்க ஊரார் கண்களையே பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான், என் கண்ணை யார் பார்த்தார்கள்... நானா தூங்குவது, அவர் தோளிலா, இந்த யோசனை எனக்கு வரவே இல்லையே, நான் கடைசியாக யார் மேல் சாய்ந்தேன்?

கவுண்டரில் இருந்த பெண் எந்தப் படம் என்று கேட்டாள், இரண்டாம் முறையும் கேட்டாள், "கடல் படம்தான், ரெண்டு டிக்கெட்" என்றேன், தூங்கப்போவது யார் என்றுதான் இன்னும் தெரியவில்லை.