மெயினை அணைத்த பிறகும்

கேளுங்கள் செல்லங்களா, அந்த எலக்ட்ரீஷியனை எல்லோரும் ‘கரண்ட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்த வீட்டில் ஒரு பல்பு கண் சிமிட்டினால் அவருக்கு மானமே போய்விடும்.

குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையிலிருந்து தலைவலியென்று படுத்திருந்த மனைவி சொன்னாள்: “என்னங்க, லைட்டு பளிச்சு பளிச்சுன்னு வெட்டுது.”

கரண்ட்டு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பல்பை மாற்றினார். “இப்போ?”

“இன்னும் வெட்டுது.”

ஸ்விட்சைக் கழற்றி மாட்டினார். தோளில் குழந்தையோடு நின்ற அவருடைய அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அடுத்த வீட்டுக்கெல்லாம் ஓடுற ஆளு! இங்க ஒரு பல்பு அடங்க மாட்டேங்குது பாரு!”

ரோஷத்தில் மெயினையே அணைத்துவிட்டார். மின்விசிறி நின்றது. ஜன்னல் வழியே பகல் வெளிச்சம் மட்டும்.

“இப்ப வெட்டாதுல்ல?”

“வெட்டுதுங்க. உங்க முகமே ரெண்டா தெரியுது.”

கையிலிருந்த டெஸ்டர் நழுவி விழுந்தது. “அக்கா, கோளாறு லைன்ல இல்ல. கெளம்பு!”

குழந்தையோடு ஆட்டோவில் பறந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே அவள் உடம்பு விறைத்தது. கைகால் வெட்டி இழுத்தது.

“பல்லுக்கு நடுவுல ஸ்பூன வைங்க!” என்றார் ஆட்டோக்காரர்.

“வாயில எதையும் வைக்காதீங்க!” ஓடிவந்த நர்ஸ் அவளை இடப்பக்கமாகச் சாய்த்தாள். “முன்னாடி வலிப்பு வந்திருக்கா?”

“இல்லம்மா. புள்ள பொறந்து நாலஞ்சு நாளுதான் ஆகுது,” என்றாள் அக்கா.

அதைக் கேட்டதும் நர்ஸ் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “டாக்டர்! பிரசவமானவங்க!”

ரத்த அழுத்தம் எங்கேயோ ஏறிப் போயிருந்தது. வலிப்பை அடக்க மெக்னீசியம் ஊசி போட்டார்கள். அழுத்தம் இறங்க மருந்து கொடுத்தார்கள். வலிப்பு அடங்கியது.

“பிரசவம் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்கிறாங்க,” என்றார் டாக்டரம்மா. “அப்புறமும் பிரஷர் ஏறும். விடாத தலைவலி, கண்ணுல மின்னல்னா ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது.”

மருந்து அளவு மீறவில்லையே என்று நர்ஸ் அடிக்கடி வந்து, மூச்சைக் கவனித்து, சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டி, கால் துள்ளுகிறதா என்று பார்த்தாள். கரண்ட்டு கட்டில் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். வலிப்பு திரும்பி வரவேயில்லை.

மறுநாள் காலை அவள் நன்றாகக் கண் விழித்து விட்டத்தைப் பார்த்தாள். “லைட்டு ஒழுங்கா எரியுதே! யாரு ரிப்பேர் பண்ணது?”

“டாக்டரம்மா,” என்றார் கரண்ட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அதானே, நீங்களா இருந்தா இன்னும் ஸ்டூல் மேலதான் நிப்பீங்க!”

வார்டே சிரித்தது. சத்தத்தில் குழந்தை வீறிட்டது. அவள் அதை உற்றுப் பார்த்தாள். ஒரே ஒரு முகம்.

“குடுங்க அண்ணி,” என்று நாத்தனாரிடம் இரண்டு கைகளையும் நீட்டினாள்.